மேல் மாடி குளிருது, பேஸ்மென்ட் வேகுது: டக்ட் ஒழுக்கை எங்கிருந்து அடைக்கத் தொடங்குவது?

வாசகர் கேள்வி, ஸ்காபரோ, கனடா. 2024 நவம்பர் 10

வீடு 1986இல் கட்டியது. சூட்டுக் காற்றை டக்ட் எனும் தகரக் குழாய்கள் வழியே அறைகளுக்கு ஊதும் ஃபேர்னஸ் புதிது, போன வருடம்தான் மாற்றினோம். ஆனால் மேல் மாடியில் பின்பக்க அறை 18 பாகைக்கு மேல் ஏறுவதே இல்லை. பேஸ்மென்டில் மட்டும் சட்டை போடாமல் இருக்கலாம். கதவு தட்டி வந்த டக்ட் கிளீனிங் ஆள், "உங்கட சூட்டில் 30 சதவீதம் வெளியில போகுது. குழாய்க்குள்ள மருந்து அடிச்சு எல்லா ஓட்டையையும் அடைச்சுத் தாறம். இண்டைக்கே கையெழுத்துப் போட்டால் பாதி விலை" என்கிறார். செய்யலாமா? அல்லது வெள்ளி நிற டேப் வாங்கி நானே சுற்றிவிட்டால் போதுமா?

நவம்பர் 10, இரவு

கையெழுத்துப் போடாதீர்கள். ஒன்ராறியோவில் 2018 மார்ச் 1 முதல், கூப்பிடாமல் வீட்டு வாசலுக்கு வந்து ஃபேர்னஸ், ஏசி, தண்ணீர் ஹீட்டர், டக்ட் கிளீனிங் போன்றவற்றுக்கு ஒப்பந்தம் எழுதுவதற்குத் தடை. மீறி எழுதினாலும் அது செல்லாது. மற்றதெல்லாம் பிறகு.

அந்த 30 சதவீதக் கதை முழுப் பொய்யும் இல்லை. அமெரிக்காவின் எனர்ஜி ஸ்டார் திட்டம், சாதாரண வீடு ஒன்றில் டக்டில் ஓடும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் வரை ஒழுக்காலும் ஓட்டையாலும் கழன்ற மூட்டாலும் போய்விடுவதாகச் சொல்கிறது. ஆனால் அங்கே நிறைய வீடுகளில் டக்ட், கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் உள்ள அட்டிக்கில் ஓடும், இல்லாவிட்டால் தரைக்குக் கீழே சூடில்லாத வெற்றிடத்தில் ஓடும். அங்கே ஒழுகினால் சூடு வெளியில்தான். ரொறன்ரோப் பக்கம் நம் வீடுகளில் பெரும்பாலும் பேஸ்மென்ட் சீலிங்கிலும் உள்சுவர்களுக்குள்ளும்தான் டக்ட் போகிறது. ஒழுகும் காற்று வீட்டுக்குள்ளேயே நிற்கிறது, நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை என்பதுதான் சிக்கல். உங்கள் பேஸ்மென்ட் வேகுவதும் பின்னறை விறைப்பதும் ஒரே ஒழுக்கின் இரண்டு முனைகளாக இருக்கலாம்.

ஆகவே அடைத்தால் எரிவாயு பில் பாதியாகும் என்று எதிர்பார்க்காதீர்கள். அறைக்குச் சூடு போய்ச் சேரும் என்று எதிர்பார்க்கலாம்.

நவம்பர் 11

டேப் பற்றி நேற்று எழுத விட்டுப்போனது. துணி முதுகும் ரப்பர் பசையும் உள்ள அந்த வெள்ளி நிற டேப் வேண்டாம். 1998இல் கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் பலவகை டேப்பையும் பசையையும் டக்ட் மூட்டுகளில் ஒட்டி, சூடும் குளிரும் மாறி மாறிக் கொடுத்துப் பார்த்தார்கள். துணி டேப்தான் மோசமாகத் தோற்றது. பசை காய்ந்து, சுருங்கி, ஓரம் கிளம்பிவிடும். நம் பேஸ்மென்டுகளில் அண்ணாந்து பார்த்தால் முந்தைய வீட்டுக்காரர் ஒட்டியது தோல் உரிந்து தொங்குவதைக் காணலாம். என் வீட்டில் விரலால் தொட்டதும் கீழே விழுந்தது, பசை பொடியாகக் கொட்டியது.

வேண்டியது இரண்டு. ஒன்று டக்ட் மாஸ்டிக்: வாளியில் வரும், தண்ணீரில் கரையும், தடித்த தயிர் பதத்தில் சாம்பல் அல்லது வெள்ளைப் பசை. மற்றது அலுமினியத் தகட்டு டேப், முதுகில் டக்டுக்கான தர எண்ணான யூஎல் 181 என்று அச்சடித்திருக்கும். அந்த எண் இல்லாத பளபளப்பு டேப்பை எடுக்காதீர்கள்.

நவம்பர் 13

"எல்லா மூட்டையும் அடைக்கவா, எங்கே தொடங்க?" என்று கேட்ட அக்காவுக்கு.

ஃபேர்னஸ் பக்கத்தில்தான். ஒரே அளவு ஓட்டையானாலும் ஃபேர்னஸ் தலையில் உள்ள பெரிய தகரப் பெட்டியில் இருந்தால் நிறைய ஒழுகும், அறையில் காற்று வெளிவரும் வாயான வென்ட் அருகில் இருந்தால் கொஞ்சமாக ஒழுகும். ஊதியிலிருந்து, அதாவது ஃபேர்னஸின் ஃபேனிலிருந்து, தள்ளித் தள்ளிப் போக அழுத்தம் குறைந்துகொண்டே போவதுதான் காரணம். ஃபேர்னஸிலிருந்து முதல் சில அடிக்குள் இருக்கும் மூட்டுகளைச் சரியாகப் பூசினால் வேலையின் பெரும்பகுதி முடிந்தது. பார்க்க வேண்டியவை: ஃபேர்னஸும் பெட்டியும் சேரும் விளிம்பு, ஏசி கொயில் (காற்றைக் குளிராக்கும் சுருள்) இருக்கும் பெட்டியின் நான்கு மூலை, பெட்டியிலிருந்து வட்டக் குழாய் கிளம்பும் கழுத்து, திருப்பி வளைக்கிற முழங்கையின் வளையங்கள். முழங்கையை யாரும் கவனிப்பதில்லை. ஒவ்வொரு வளையத்திலும் ஒரு நூல் இடுக்கு உண்டு, நாலு வளையம், ஒவ்வொன்றும் சுற்றிவர.

கண்டுபிடிக்க ஊதுபத்தி போதும். தெர்மோஸ்டாட்டில் ஃபேனை மட்டும் 'ஆன்' ஆக்கிவிட்டு, பத்தியை மூட்டு ஓரமாக மெதுவாக நகர்த்துங்கள். சூட்டுக் காற்று போகும் பக்கத்தில் புகை உங்கள் பக்கம் சிதறும். ரிட்டர்ன் பக்கத்தில், அதாவது அறைக் காற்று ஃபேர்னஸுக்குத் திரும்பி வரும் பக்கத்தில், புகை கோடாக உள்ளே இழுபடும். எரிவாயு வாடை ஏதும் வந்தால் பத்தி கொளுத்தக் கூடாது, வெளியில் போய் எரிவாயு நிறுவனத்தைக் கூப்பிட வேண்டும். சாம்பிராணி வேண்டாம், வீட்டில் உள்ள அலாரம் எல்லாம் ஒன்றாகக் கத்தும்.

நவம்பர் 17

இன்று வெயில், குளிர் குறைவு. ஃபேர்னஸை நிறுத்திவிட்டு வேலை செய்ய நல்ல நாள் என்று, என் வீட்டில் போன முறை விட்டுவைத்த பின்பக்கத் துண்டை நானும் மச்சானும் முடித்தோம். மச்சான் தகர வேலைக் கடையில் இருக்கிறவர், கை சுத்தம்.

முதலில் துடைப்பு. தகரத்தில் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் இருக்கும், அதற்கு மேல் வருடக்கணக்கில் தூசு. ஈரத்துணியால் ஒரு தடவை, ஸ்பிரிட் தொட்ட துணியால் ஒரு தடவை. துணி கறுப்பாக வருவது நிற்கும் வரை. கட்டாயம் தடித்த கையுறை போடுங்கள், வெட்டிய தகரத்தின் ஓரம் பிளேடு மாதிரி.

பிறகு மாஸ்டிக். மலிவான இரண்டு அங்குலப் பெயிண்ட் தூரிகையால் முதலில் இடுக்குக்குள் குத்திக் குத்தி ஏற்ற வேண்டும், பிறகு மேலே இழுத்துவிட வேண்டும். இங்கத்தைய ஐந்து சத நாணயத்தின் தடிமன் இருந்தால் போதும் என்பது தொழில்காரர் கணக்கு. தகரத்தின் நிறம் தெரிந்தால் பூச்சு மெலிவு. கால் அங்குலத்தைவிட அகலமான இடுக்கு என்றால் மாஸ்டிக் மட்டும் நிற்காது, காய்ந்ததும் நடுவில் வெடிக்கும். கண்ணாடி நார் வலையை வைத்து அதன் மேல் பூச வேண்டும். பெரிய ஓட்டைக்குத் தகரத் துண்டு வைத்து ஸ்க்ரூ போட்டு, ஓரத்தில் பூச வேண்டும். மூட்டு ஆடுகிறதென்றால் முதலில் ஸ்க்ரூ, பிறகு பசை. பசை ஒழுக்கை அடைக்கும், குழாயைத் தாங்காது.

மச்சான் சொன்னதில் எனக்குப் புதிது: அறை வென்டின் இரும்புத் தட்டைக் கழற்றினால், கீழே தகர வாய்க்கும் தரைப் பலகைக்கும் நடுவில் சுற்றிவர இடைவெளி இருக்கும். காற்று அறைக்கு வராமல் தரைக்குள் பரவுவது அங்கேதான். கார்பெட்டைத் தூக்கிப் பார்க்கவே தேவையில்லை, தட்டை எடுத்தால் தெரியும்.

நவம்பர் 18

பூசக் கூடாத இடங்களைத் தனியாகவே எழுதுகிறேன், ஒருவர் ஃபில்டர் கதவை மாஸ்டிக்கால் மூடிவிட்டதாக எழுதியிருக்கிறார்.

திறக்க வேண்டிய எதிலும் மாஸ்டிக் படக் கூடாது: ஃபேர்னஸ் கதவு, ஊதிக் கதவு, கொயில் பார்க்கும் மூடி, ஃபில்டர் வாய். அவற்றுக்கு உரிக்கக்கூடிய தகட்டு டேப், ஃபில்டர் வாய்க்குக் காந்தப் பட்டை மூடி. வெள்ளை பிளாஸ்டிக் குழாய்கள் டக்ட் இல்லை. ஒன்று ஃபேர்னஸ் எரியக் காற்று கொண்டுவருவது, மற்றது புகையை வெளியேற்றுவது. தண்ணீர் வடியும் சிறு குழாயும் அப்படித்தான். கை வைக்க வேண்டாம்.

நவம்பர் 24

13ஆம் தேதி எழுதியதை ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். வரிசையில் ஒரு வரி சேர்க்க வேண்டும், அது இந்த இழையிலேயே பெரிய வரி: ரிட்டர்ன் பக்கம் முதலில்.

ஏன் என்று பாருங்கள். பேஸ்மென்டில் சூட்டுக் காற்று ஒழுகினால் அங்கே காற்று கூடுகிறது. ரிட்டர்ன் பக்கம் ஒழுகினால் பேஸ்மென்ட் காற்றை ஃபேர்னஸ் உறிஞ்சுகிறது. இரண்டும் ஒழுகும் வீட்டில் ஒன்றை ஒன்று ஓரளவு சமன் செய்துகொள்கின்றன. நீங்கள் ஆசை ஆசையாகச் சூட்டுப் பக்கத்தை மட்டும் அடைத்துவிட்டால்? உறிஞ்சுவது மட்டும் மிச்சம். பேஸ்மென்டில் அழுத்தம் குறையும். அங்கே பழைய மாதிரித் தண்ணீர் ஹீட்டர், அதாவது தலையில் திறந்த தொப்பி வைத்து, தகரக் குழாயால் புகை தானாக மேலேறும் வகை, நிற்கிறதென்றால் அந்தப் புகை மேலே போகாமல் அறைக்குள் திரும்பலாம். அதில் கார்பன் மொனொக்சைட் இருக்கலாம். நிறமும் இல்லை, மணமும் இல்லை.

புது ஃபேர்னஸ் வெளியிலிருந்து தனக்குத் தேவையான காற்றைத் தானே எடுக்கும், அதற்கு இந்த ஆபத்து குறைவு. பக்கத்தில் நிற்கிற ஹீட்டர்தான் விஷயம். ஃபேர்னஸை மாற்றும் பலர் ஹீட்டரை மாற்றுவதில்லை.

நம் வீடுகளில் இன்னொன்றும் சேர்கிறது. மீன் பொரிக்க, தாளிக்க என்று பெரிய இழுவை உள்ள அடுப்பு ஃபேன் போடுகிறோம். அதுவும் வீட்டுக் காற்றைத்தான் வெளியே இழுக்கிறது. உடுப்புக் காயவைக்கும் டிரையரும் அப்படியே.

சோதனை: எல்லா ஜன்னலும் பூட்டி, அடுப்பு ஃபேன், குளியலறை ஃபேன், டிரையர், ஃபேர்னஸ் ஃபேன் எல்லாம் ஓடவிட்டு, சுடுதண்ணீரைத் திறந்து ஹீட்டரை எரிய வையுங்கள். ஓரிரு நிமிடம் கழித்துத் தொப்பி ஓரத்தில் ஊதுபத்தி. புகை உள்ளே ஏற வேண்டும். வெளியே தள்ளினால் எல்லாவற்றையும் நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, டிஎஸ்எஸ்ஏ (ஒன்ராறியோவின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பு) அங்கீகாரம் உள்ள எரிவாயுத் தொழில்காரரைக் கூப்பிடுங்கள். அடைக்கும் முன் ஒரு தடவை, அடைத்த பின் ஒரு தடவை இந்தச் சோதனை. படுக்கும் அறைகளுக்கு அருகில் கார்பன் மொனொக்சைட் அலாரம் 2014 முதல் ஒன்ராறியோவில் சட்டம். வாங்கிப் பெட்டியிலேயே வைத்திருப்பவர்களையும் தெரியும். இன்றே மாட்டுங்கள்.

நவம்பர் 25

"ரிட்டர்ன் எது என்றே தெரியவில்லை, குழாயைக் காணோம்" என்று இருவர். பல வீடுகளில் ரிட்டர்னுக்குத் தனிக் குழாய் இருக்காது. சீலிங்கின் இரண்டு மரச் சட்டங்களுக்கு நடுவில் அடியில் ஒரு தகரத் தகடு அடித்து, அந்த வெற்றிடத்தையே குழாயாக்கியிருப்பார்கள். தகடும் மரமும் சேரும் ஓரம் முழுக்க ஒழுகும். மரத்தில் தகட்டு டேப் ஒட்டாது, மாஸ்டிக் நன்றாகப் பிடிக்கும். வெளிச்சுவரை ஒட்டிய முனையைக் கட்டாயம் பாருங்கள், அங்கே திறந்திருந்தால் வெளிக்குளிரையே உறிஞ்சும்.

டிசம்பர் 2

ஓர் அண்ணை படம் அனுப்பினார். ஃபேர்னஸ் அறைக்குள் தரைக்குக் கிட்டத் தொங்கும் வளைகுழாயிலிருந்து குளிர் காற்று வருகிறதாம், "பெரிய ஒழுக்கு" என்று பழைய துணி திணித்து வைத்திருக்கிறார்.

அண்ணை, துணியை இப்பவே எடுங்கோ. அது ஒழுக்கில்லை. எரிகிற சாமானுக்குக் காற்று கொடுக்கத்தான் அதை வெளியிலிருந்து இழுத்து விட்டிருக்கிறார்கள். குளிரட்டும். வேண்டுமானால் அந்த அறைக்குக் கதவும் காப்பும் போடலாமா என்று தொழில்காரரிடம் கேளுங்கள், குழாயை மூடாதீர்கள்.

டிசம்பர் 8

பழைய வீடுக்காரர்களுக்கு. 1980களுக்கு முந்தைய வீடுகளில் டக்ட் மூட்டைச் சுற்றி வெள்ளை அல்லது சாம்பல் நிறக் காகிதப் பட்டை பசை வைத்து ஒட்டியிருக்கலாம், துணி மாதிரி நெய்த அடையாளம் தெரியும். அது நுரையீரலுக்குக் கேடான அஸ்பெஸ்டஸ் நாராக இருக்க வாய்ப்புண்டு. சுரண்ட வேண்டாம், துடைக்கவும் வேண்டாம். ஆய்வுகூடத்தில் சோதித்துத் தெரிந்த பிறகுதான் மிச்சம். துடைத்துவிட்டுப் பூசுங்கள் என்று நான் எழுதியது அந்த வீடுகளுக்குப் பொருந்தாது.

டிசம்பர் 21

உள்ளுக்குள் மருந்து அடிக்கும் முறையைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். வாசலுக்கு வந்த ஆளை வைத்து அந்தத் தொழில்நுட்பத்தையே மட்டமாக நினைக்க வேண்டாம். அதே பெர்க்லி ஆய்வகத்தில் 1990களில் மார்க் மொடேரா உருவாக்கியது, ஏரோசீல் என்ற பெயரில் வந்தது. அறை வென்ட்களை எல்லாம் மூடி, டக்டுக்குள் காற்றை அழுத்தி, பசைத் துகள்களை மிதக்கவிடுவார்கள். காற்றுக்கு வெளியேற ஒழுக்கு மட்டுமே வழி. துகள் அந்த ஓரத்தில் மோதி ஒட்டி, ஒட்டியதன் மேல் ஒட்டி, இடுக்கு மூடிக்கொள்ளும். சுவருக்குள் போன, கை எட்டாத குழாய்களுக்கு இது உண்மையிலேயே நல்ல வழி. கழன்று விழுந்த குழாயையோ கை நுழையும் ஓட்டையையோ இது மூடாது, அதைக் கையால்தான் சரிக்கட்ட வேண்டும்.

முறையாகச் செய்பவர் முன்னும் பின்னும் அளப்பார். டக்டை ஒரு சோதனை ஃபேனோடு பூட்டி 25 பாஸ்கல் அழுத்தத்தில் எவ்வளவு காற்று ஒழுகுகிறது என்று எண் தருவார். எண் தராதவருக்குக் காசு தராதீர்கள். கை எட்டும் இடத்தை முதலில் மாஸ்டிக்கால் முடித்துவிட்டு, பிறகும் அறை குளிர்ந்தால் இதைப் பற்றி யோசியுங்கள்.

2025 ஜனவரி 5

அடைத்த பிறகு ஃபேர்னஸ் அடிக்கடி நின்று நின்று எரிகிறது என்கிறார் ஒருவர். ஒழுக்கும் ஒரு வகையில் காற்றுக்கு வழிதான். அதை மூடினால் ஊதிக்குப் பாரம் கூடலாம். குழாய் சின்னதாக, ஃபில்டர் அடைத்துப்போய், மேலும் "ஆளில்லாத அறை" என்று வென்ட்களையும் மூடியிருந்தால், சூடு போக வழியில்லாமல் உள்ளே பாதுகாப்பு சுவிட்ச் தீயை நிறுத்தும். ஃபில்டரை மாற்றி, வென்ட் எல்லாம் திறந்து பாருங்கள். ஃபேர்னஸ் கதவுக்குள் ஒட்டிய தகட்டில் வெப்ப ஏற்றம் என்று ஓர் எல்லை இருக்கும், உதாரணமாக 35 முதல் 65 பாகை ஃபாரன்ஹீட். போகும் காற்றின் சூட்டிலிருந்து திரும்பும் காற்றின் சூட்டைக் கழித்தால் அந்த எல்லைக்குள் நிற்க வேண்டும். தாண்டினால் ஆளைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று, காசே செலவில்லாதது: பேஸ்மென்ட் சீலிங்கில் வட்டக் குழாய்கள் கிளம்பும் இடத்தில் சின்னக் கைப்பிடி இருக்கும். குழாயின் நீளவாட்டில் நின்றால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. பின்னறைக் குழாயின் கைப்பிடி குறுக்கே நின்ற வீட்டை நானே பார்த்திருக்கிறேன்.

ஜனவரி 19

இரவில் மட்டும் அறை குளிருகிறது என்றால் கதவைப் பாருங்கள். அறைக்கு ரிட்டர்ன் இல்லாமல், கதவையும் பூட்டி, அடியில் இடைவெளியும் இல்லையென்றால் உள்ளே வந்த காற்றுக்குத் திரும்பிப் போக வழியில்லை. புதுக் காற்றும் வராது. கார்பெட் தடிப்பாகப் போட்டவர்கள் வீட்டில் இது நிறைய. எங்கள் மகளின் அறையில் கதவடியைச் சீவியதில் கிடைத்த மாற்றம் அவ்வளவு மாஸ்டிக் பூசியதில் கிடைத்ததைவிடப் பெரிது என்று இப்போது தோன்றுகிறது. நவம்பரில் இதைத்தான் முதலில் பார்க்கச் சொல்லியிருப்பேன்.

கராஜுக்கு மேல் உள்ள அறை தனிக் கதை. அங்கே குழாய் கராஜ் சீலிங்குக்குள் போனால் ஒழுக்கு நிஜமாகவே வெளியில்தான், எனவே பில்லிலும் தெரியும். ரிட்டர்ன் குழாய் அந்த வழியே போனால் கார்ப் புகை வீட்டுக்குள் வரலாம். அதைத் தள்ளிப்போடக் கூடாது.

பெப்ரவரி 2

பேஸ்மென்டை வாடகைக்கு விட்டவர்கள் "கீழே கருவாடு பொரித்தால் மேலே படுக்கையறையில் மணக்கிறது" என்கிறார்கள். ரிட்டர்ன் ஒழுக்கு வழியாக வருவது கருவாட்டு மணம் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். நிலத்திலிருந்து கசியும் ரேடான் வாயுவும் அதே வழியில்தான் வீடு முழுக்கப் பரவும், பேஸ்மென்டில் அழுத்தம் குறைந்தால் மண்ணிலிருந்து அது கூடுதலாக உறிஞ்சப்படவும் கூடும். புகைபிடித்தலுக்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் அது. கனடா சுகாதாரத் துறையின் வழிகாட்டி அளவு கன மீட்டருக்கு 200 பெக்கரல். சோதனைக் கருவியைக் குளிர்காலத்தில் குறைந்தது மூன்று மாதம் வைக்க வேண்டும். டக்ட் அடைத்தபின் வைத்தால் இப்போதைய நிலை தெரியும். அளவு கூடினால் அதற்குத் தனி வேலை இருக்கிறது, டக்ட் அடைப்பு அதற்கு மருந்தில்லை.

பெப்ரவரி 16

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். ரிட்டர்ன் தகட்டின் ஓரமெல்லாம் பூசியபின், சூட்டுப் பக்கம் தொடரும்போது சலவை அறை சீலிங்குக்கு மேலே பின்னறைக் குழாய் மூட்டிலிருந்து பாதி கழன்று தொங்கியதாம். ஸ்க்ரூ ஒன்றுகூட இல்லை, துணி டேப் மட்டும். ஸ்க்ரூ போட்டு மாஸ்டிக் பூசினார், இப்போது அறை 21இல் நிற்கிறது. ஹீட்டர் சோதனையில் புகை சரியாக ஏறுகிறது என்றும் எழுதியிருக்கிறார், அதைப் படித்ததில்தான் எனக்கு நிம்மதி.

பெப்ரவரி 17

கோடைக்கு என்ன செய்ய என்று கேட்டவருக்கு: அதே குழாயில்தான் ஏசி காற்றும் போகிறது, திரும்பப் பூச வேண்டாம். வட்டக் குழாய்களில் உள்ள கைப்பிடிகளின் நிலையை மட்டும் மாற்றுங்கள். கோடையில் குளிர் காற்று மேல் மாடிக்குக் கூடப் போக வேண்டும், கீழ்க் குழாய்களைக் கொஞ்சம் குறைக்கலாம். குளிர்கால நிலையையும் கோடை நிலையையும் மார்க்கரால் குழாயிலேயே கோடு போட்டு வையுங்கள். ஏசி கொயில் மூடியில் ஒட்டிய டேப்பை ஜூனில் ஒரு தடவை பாருங்கள், ஈரத்தில் ஓரம் கிளம்பியிருந்தால் உரித்துத் துடைத்துப் புதிதாக ஒட்டுங்கள்.